எந்தப் பக்கம் முன்பக்கம்

தாள் இரவு பஸ்ஸில் வந்தது,
கொழும்பிலிருந்து, நடத்துநரின் சீற்றுக்குக் கீழே சுருண்டு,
யாருடையதோ மிளகுப் பொதியோடு.
மணம் இன்னும் போகவில்லை.

குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டுவதற்கு முன்
வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கிறேன்,
பகலெல்லாம் பிறர் நெஞ்சுக்கூடுகளைப் பார்க்கும் அதே சாய்வில்.
பருத்தித் தாளில் கம்பளி அழுத்திய மேடுபள்ளம்.
வழுவழுத்தது இஸ்திரி போட்ட யூனிபோம்.
வாழைநார்த் தாளுக்குள் நாரும் உமியும்
எப்படியோ அகப்பட்ட ஓர் எறும்புக் காலும்.

ஒவ்வொன்றின் மூலையையும் நக்குகிறேன்.
சிரிக்க வேண்டாம், இதுதான் சோதனை:
நாக்கில் ஒட்டினால் தாள் குடிகாரன்,
பூசும் மருந்தை அடிவயிறு வரை இழுத்துக்கொண்டு
கழுவும்போது நீலத்தையெல்லாம் வாளிக்குள் கக்கிவிடும்.
வாழைநார் ஒட்டியது.
வெட்டிய ஓரங்களை முற்றத்தில் போட்டேன்.
டச்சு விரிகுடாப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
மூன்றையும் முகர்ந்து, வாழைநாரை மட்டும் தின்றது.
அதற்கும் ஒரு நாக்கு, அதற்கும் ஓர் அபிப்பிராயம்.

விலை கூடியதற்குள் சுண்ணாம்பு கலந்திருக்கிறார்கள்,
நூறு வருடம் பழுக்காமலிருக்க.
என் நீலத்துக்கு அதுவே நஞ்சு.
தேசிக்காய்ப் புளித்தண்ணீரில் தாழ்த்தினேன்;
சோடாப் போத்தல் திறந்தாற்போல் பொடிப்பொடிக் குமிழ்,
சுண்ணாம்பு கோபித்துக்கொண்டு வெளியேறும் சத்தம்.

பிறகு கச்சான் காற்று.
கொடியில் போட்டு ஒரு தேத்தண்ணீர் குடிப்பதற்குள்
தாள் அப்பளமாகிவிடும் இந்த ஆடியில்.

நெகட்டிவ்: திகதி முடிந்த எக்ஸ்ரே பிலிம்,
ஆஸ்பத்திரி எறிய இருந்ததை எழுதிக் கேட்டு எடுத்தேன்.
அதில் ஐஸ் பக்டரியில் கணக்கெழுதும் மெற்றில்டா,
அசல் முகத்தின் அளவில்.
இடது காதடியில் தொடங்கிக்
காறை எலும்பில் முடிகிற தழும்பு.
எப்படி வந்ததென்று நான் கேட்டதில்லை.
கேள்விகளை எலும்போடு நிறுத்திக்கொள்பவன் நான்.

அதனால்தான் முரட்டுத் தாளை எடுத்தேன் என்று
இப்போது ஒத்துக்கொள்கிறேன்.
மேடுபள்ளத்தில் நுணுக்கம் தொலையும்,
எது நிழல் எது தழும்பு என்று தெரியாது.
உபகாரம் செய்வதாய்
ஒன்பது நிமிஷ வெயிலில் நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தாள்.
ஈரத் தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து,
"இதென்ன, முகம் முழுக்கக் கொப்பளிப்பான் போட்ட மாதிரி?
எனக்கு இருக்கிறது ஒண்டுதானே.
அதை எங்க வச்சனீங்கள்?"

வாயில் பதிலில்லை,
தாளின் ருசி மட்டும்.

வழுவழுத்ததை நீட்டினேன்.
எந்தப் பக்கம் முன்பக்கம் என்றாள்.
பென்சில் புள்ளடி போட்டது பின்பக்கம்.
திருப்பி, கழுத்துத் தழும்பில் வைத்துத் தேய்த்தாள்.
அங்கே உணர்ச்சி இல்லையாம்.
மற்றக் கழுத்தில் வைத்தாள், கண்ணை மூடி, கொஞ்ச நேரம்.
"இது சரி."

தண்ணீருக்குள் மஞ்சள் கரைந்து போகப் போக
அது வந்தது, முதலில் அதுவே வந்தது,
கயிற்றின் முறுக்கோடு, காதடியிலிருந்து,
அதற்குப் பிறகுதான் மூக்கு, கண், அவளுடைய பிடிவாதம்.

பழையதை எறிய விடவில்லை.
"மூதூர் மாமிக்குக் குடுப்பம்,
அவ கண்ணாடி போடமாட்டா."

நீலம் உடனே முழுதாகாது, சொன்னேன்,
காற்றுப் பட்டு நாளைக்கு இன்னும் கறுக்கும்.
"நாளைக்கு வேலை. செவ்வாய் வாறன்."

கொடியில் அவள் முகம், இரண்டு கிளிப், கச்சான்.
கேற்றடியில் மான் நிற்கிறது.
எழும்பிப் போய்க் கேற்றைப் பூட்டினேன்.